லோசலினின் நோன்புப் பிள்ளைகள்

லோசலின் கடையில் உறைந்த ஆட்டு விலாக்கறி கிடைக்கும், டின் மாட்டிறைச்சி கிடைக்கும், பாக்கெட் நூடுல்ஸ் கிடைக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் உடம்பைக் கெடுக்கிற எல்லாச் சாமானும் அங்கே உண்டு. டிசம்பரில் கோடை விடுமுறை விட்டதும் அதே பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பிக் கடலோரச் சாலையில் ஓடவிடுகிறவளும் அவள்தான். இதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாதவர்கள் டோங்காவின் இந்த மேற்குக் கரையில் குறைவு.

"நான் விக்கலன்னா பக்கத்து ஊர்க்காரன் விப்பான். ஓட வைக்கத்தான் ஆள் இல்ல" என்பாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஆறு வருடம், வருடத்துக்கு ஏழு மாதம், ஆஸ்திரேலியாவில் ஆப்பிள் பறித்தாள். இடது கை நடுவிரல் ஏணியில் சிக்கி நசுங்கியது, இன்றைக்கும் மடங்காது. விசில் ஊதி ஆள் கூட்டுவது, இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேலை கொடுப்பது, யார் எங்கே என்று பலகையில் எழுதுவது எல்லாம் அந்தத் தோட்டத்தில் கற்றவை. கடைசி வருடம் அவள் அங்கே இருந்தபோது அம்மா இங்கே படுக்கையில் விழுந்தாள். முதுகில் புண் வந்ததை யாரும் போனில் சொல்லவில்லை, கவலைப்படுவாள் என்று. வந்து போர்வையை விலக்கியபோது எலும்பு தெரிந்தது. இரண்டு வாரத்தில் அடக்கம் முடிந்தது. அதன் பிறகு அவள் ஆப்பிள் பறிக்கப் போகவில்லை. கடை வைத்தாள்.

நான் ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். நர்ஸ் இல்லை, பராமரிப்புப் பயிற்சி பெற்ற பணிப்பெண். புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழுவுவது. முழங்கால் போனதும் ஊர் திரும்பினேன். இங்கே எல்லாரும் நர்ஸம்மா என்றார்கள். திருத்திப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

"லீவுல பிள்ளைங்க போனும் கையுமா படுத்தே கிடக்குதுங்க, நர்ஸம்மா. காலையில ஓடட்டும். ஒரு வீட்டுல போய் உதவி செய்யட்டும். அப்புறம் கடல்ல ஆடட்டும். படுத்த ஆளைத் தூக்குறது எப்பிடின்னு நீங்க காட்டிக் கொடுங்க" என்றாள் லோசலின்.

ஒரு நிபந்தனை போட்டேன். உடம்புக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்லப் போகிறாய். அப்படியானால் சனிக்கிழமைதோறும் இடுப்பை அளப்பேன். "அளங்க, எனக்கென்ன பயம்" என்றாள்.

இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், பதிமூன்று வயதிலிருந்து பதினேழு வரை. போன்கள் எல்லாம் லோசலின் கடையில் ஒரு ரொட்டி வாளிக்குள் போய்விடும். ஐந்தரைக்கு முனை வரை ஓட்டம். ஓட முடியாதவர்கள் நடை. ஏழு மணிக்கு, முடியாதவர்கள் இருக்கிற ஒரு வீடு: புல் வெட்டு, சருகு அள்ளு, மெத்தையை வெயிலில் போடு, தண்ணீர்த் தொட்டிக்கு வருகிற கூரைக்குழாயைச் சுத்தம் செய். ஒன்பது மணிக்குக் கடற்கரை. வாலிபால், நீச்சல், மட்டை உரிக்காத தேங்காயைக் கைமாற்றி ஓடும் பந்தயம். அந்தப் பந்தயத்தில் இரண்டு பேருக்குக் கால் நகம் போனது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் சனிக்கிழமை அளந்து முதல் அளவோடு ஒப்பிட்டேன். இருபத்திரண்டு பேரில் பதினேழு பேருக்கு இடுப்பு கூடியிருந்தது. மோவாலா என்கிற பதினாறு வயதுப் பையனுக்கு நான்கு சென்டிமீட்டர்.

"நான் தினம் ஓடினேனே, நர்ஸம்மா! டேப்பு சுருங்கிப் போச்சு."

"டேப்பு சுருங்கல. நீதான் விரிஞ்சிருக்க. என்னடா தின்னே?"

சொன்னான். திங்கட்கிழமை செமிசி வீட்டில் சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் கட்டி மண்ணடுப்பில் வேகவைத்த லூ, ஆளுக்கு மூன்று. செவ்வாய்க்கிழமை வீட்டில் ஒரு குட்டிப் பன்றி. புதன்கிழமை வீட்டில் குட்டிப் பன்றியோடு சர்க்கரைப் பாகில் மிதக்கிற மாவுருண்டை ஒரு அண்டா.

"வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையா?"

"செமிசி தாத்தாகிட்டயா? சொல்லிட்டு வீட்டுக்குப் போனா எங்கப்பா என்னைய அந்த மண்ணடுப்புலயே வெச்சு மூடிடுவாரு."

அவன் சொன்னது சரி. உதவிக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அந்த வீட்டுக்குத் தலைகுனிவு. வைத்ததை ஒதுக்கினால் வந்தவனுக்குத் தலைகுனிவு. இது லோசலினுக்குத் தெரியாததல்ல. அவள் செய்த தவறு வேறு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, எந்த நாள் எந்த வீடு என்று வாரம் முழுவதற்கும் வாசித்துவிடுவாள், மரியாதையாக இருக்கட்டும் என்று. சமைக்க அவகாசமும் கொடுத்து, அடுத்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று விசாரிக்க அவகாசமும் கொடுத்தாள். நானும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை.

இடுப்புக் கணக்கு மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் உங்கதேயா என்பவளின் வீடும் இருந்தது.

உங்கதேயாவின் மாமியார் டெலீசியாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகன் ஆஸ்திரேலியாவில் தோட்ட வேலையில் இருந்தான், மார்ச் வரை வரமாட்டான். வீட்டில் மருமகளும் மூன்று சின்னப் பிள்ளைகளும். டெலீசியாவின் வால் எலும்புக்கு மேலே தோல் உரிந்து, ஜாடி மூடி அளவுக்குப் புண். சுகாதார நிலைய நர்ஸ் கட்டுப் போட்டுவிட்டுச் சொல்லியிருந்தாள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், புண் ஆழமானால் நகரத்து ஆஸ்பத்திரிதான். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். உங்கதேயா போனால் மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது?

டெலீசியா கனமான பெண்மணி. ஒருத்தியால் புரட்ட முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுத்தால் தோல் இன்னும் கிழியும். அதனால் பெண்பிள்ளைகளுக்கு அடித்துணியோடு சேர்த்துத் தூக்கும் முறையைக் காட்டியிருந்தேன். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் வருவதாக லோசலின் பலகையில் எழுதியிருந்தாள். இரவுக்கு உங்கதேயாவின் அக்கா வந்து படுத்துக்கொள்வாள்.

நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் பிசிலாவும் இன்னொரு பெண்ணும் திரும்பி வந்துவிட்டார்கள். பிசிலா பதினைந்து வயது, கூட்டிக் குறைத்துப் பேசாத பெண்.

"கேட்டைக் கட்டி வெச்சிருக்காங்க அக்கா. மாமியாருக்கு இப்ப பரவாயில்ல, வர வேண்டாம்னு சொல்றாங்க."

"உள்ள போய்ப் பாத்தியா?"

"விடல."

லோசலின் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். நானும் பின்னால் போனேன். உங்கதேயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துணி காயப்போட்டாள். எங்களைப் பார்க்கவில்லை.

"அத்தை நல்லாத்தான் இருக்காங்க. பிள்ளைங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"உங்கதேயா, புண்ணு நல்லா இருக்கான்னு கேட்டேன்."

கையிலிருந்த துணியை வாளியில் திரும்பப் போட்டாள். பிறகு சொன்னாள்: "ஒரு நாளைக்கு ஆறு தடவை வர்றாங்க. செமிசி வீட்டுல லூவாம். அந்தப் பக்கம் பன்னியாம். நான் நேத்து அந்தப் பிள்ளைங்களுக்குப் பிஸ்கட்டு குடுத்தேன், ரெண்டே ரெண்டு. என் பிள்ளைங்க வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்துச்சுங்க. என்னால முடியல, லோசலின். தினம் வந்து என் மூஞ்சியில கரி பூசாதீங்க."

கடைக்குத் திரும்பியதும் லோசலின் சொன்னாள், "எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் யாராச்சும் கேட்டைக் கட்டியிருப்பாங்க."

"இருக்கலாம். அதை இப்ப யோசிச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல. இன்னிக்கு நாலு மணிக்கு டெலீசியாவ யார் புரட்டுறது?" என்றேன்.

நானும் என் முழங்கால்களும் போனோம். கேட்டைத் தாண்டி உள்ளே போக எனக்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. வயதுக்கு அந்த ஒரு வசதி உண்டு. புண்ணின் ஓரம் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. அது கெட்ட அடையாளம். ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று லோசலினிடம் சொன்னேன்.

அவள் முதலில் நேர்வழியில் போனாள். செமிசியின் மனைவியிடம் போய், இனி பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டாம், ஒரு வீடு நிறுத்தினால் எல்லா வீடும் நிறுத்தும் என்றாள்.

"ஏன், என் வீட்டுச் சோறு உன் பிள்ளைங்களுக்குத் தொண்டையில இறங்காதா? கடைக்காரி விக்கிற நூடுல்ஸ்தான் இறங்குமா?"

அத்தோடு அது முடிந்தது. மறுநாள் முறை வந்த வீட்டில் பன்றி இன்னும் பெரிதாக இருந்தது.

அன்று மத்தியானம் லோசலின் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள். போதகர் விசிறியின் முன்னால் மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் துண்டைத் தேடினார்.

"போதகரய்யா, நோன்புல இருக்கிறவன் முன்னாடி சாப்பாடு வைக்கலாமா?"

"வைக்கக் கூடாது."

"வெச்சா?"

"வெச்சவனுக்குத்தான் பாவம். எதுக்குமா கேக்கிற?"

"என் பிள்ளைங்க நோன்பு இருக்கப் போறாங்க. உதவி செய்யிற வீட்டுக்குள்ள கால் வெச்சதுலருந்து வெளிய வர்ற வரைக்கும். படுத்துக் கிடக்கிறவங்களுக்காக. தண்ணி மட்டும் குடிக்கலாம்."

போதகர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சில பிள்ளைங்க அரை மணி நேரம்தானே உள்ள இருக்கும்?"

"எத்தனை மணி நேரம்னு வேதத்துல போட்டிருக்கா?"

"காலையில தின்னுட்டுத்தான் வருவாங்க?"

"வாழைப்பழமும் முட்டையும்" என்றேன் நான். "வெறும் வயித்துல ஓடவிட மாட்டேன்."

"அரை மணி நேரத்து நோன்பு" என்றார் போதகர். சட்டையைப் போட்டு எல்லாப் பொத்தானையும் மாட்டி முடித்தார். "நாள் பூரா நோன்புன்னு சொல்லிட்டு மத்தியானமே பின்வாசல்ல நிக்கிறவங்க இருக்காங்க என் சபையில. இது தேவலாம். ஞாயிறு வேலை உண்டா?"

"புண்ணுக்கு ஞாயிறு தெரியுமா, ஐயா?"

ஞாயிறன்று அவரே அறிவித்தார். வீட்டுப் பட்டியல் வாசிக்கப்படவில்லை. செமிசியின் மனைவி தலையைத் திருப்பி லோசலினை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் போதகர் சொன்ன பிறகு என்ன செய்ய?

அன்று மத்தியானம் பிசிலாவும் அவள் ஜோடியும் உங்கதேயா வீட்டுக் கேட்டில் நின்றார்கள். பிசிலா உரக்கச் சொன்னாளாம், "அக்கா, நாங்க நோன்பு. தண்ணி கூட எடுத்துட்டு வந்துட்டோம்." உங்கதேயா கேட்டின் கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு மணிக்குப் புரட்டல், நான்கு மணிக்கு, ஆறு மணிக்கு. பலகையில் லோசலின் போட்ட டிக்குகளை நான் எண்ணினேன், ஒன்றும் விடுபடவில்லை.

செமிசியின் மனைவி சும்மா விடுகிற ஆள் இல்லை. நோன்பு வீட்டுக்குள் மட்டும்தான் என்பதைக் கண்டுபிடித்து, ஒன்பது மணிக்குக் கடற்கரைக்கே ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அது நிறைய லூவும் கிழங்கும்.

"இப்ப வெளியதானே இருக்காங்க? தின்னலாம்ல?"

மோவாலா வாலிபாலை அப்படியே விட்டுவிட்டு வந்தான். லோசலின் விசிலை வாயில் வைத்தாள், ஊதவில்லை.

"தாராளமா, மாமி. ஆளுக்கு ஒரு கிழங்கு. மிச்சத்தைப் பிள்ளைங்க பேரால நான் ஒரு வீட்டுக்குக் கொண்டு போறேன். நோன்பு இருந்தவன் விட்ட சோறு, நோயாளி வீட்டுக்குத்தானே போகணும்?"

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் லோசலின் அதைச் சொன்ன விதத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். போதகரிடம் பிறகு யாரோ கேட்டதற்கு அவரும் மறுக்கவில்லை. கைவண்டி உங்கதேயா வீட்டுக்குப் போனது. மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு கைவண்டி. போட்டி நிற்கவில்லை, போகிற இடம் மாறியது.

ஜனவரி முதல் வாரம் ஜெப வாரம். காலையும் மாலையும் ஆராதனை, நடுவில் விருந்து. அந்த வாரம் யாரையும் அளக்கவில்லை. அளப்பதில் அர்த்தம் இல்லை.

மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருக்கும்போது கடைசி அளவு எடுத்தேன். பதினான்கு பேருக்கு இறங்கியிருந்தது, ஐந்து பேருக்கு அப்படியே இருந்தது, மூன்று பேருக்குக் கூடியிருந்தது. மோவாலாவுக்குக் கூடத்தான் செய்திருந்தது; அவன் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துமிருந்தான், அதனால் அவனை விட்டுவிட்டேன். டெலீசியாவின் புண் நகக்கண் அளவுக்குச் சுருங்கி, இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டிருந்தது. சுகாதார நிலைய நர்ஸ் ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதவே இல்லை. பள்ளி திறந்த பிறகு மாலைப் புரட்டல் பிள்ளைகளுக்கு, பகல் புரட்டல் லோசலினுக்கும் எனக்கும் என்று பலகையில் எழுதினோம், மகன் வரும்வரை.

கடைசி நாள் மாலை ஆறு மணிப் புரட்டலைப் பார்க்க நானும் லோசலினும் போயிருந்தோம். பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள்: அடித்துணியோடு தூக்கி, முதுகுக்குத் தலையணை, குதிகால் மெத்தையில் படாமல். முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். உங்கதேயா அவர்களுக்கு முன்னால் நடந்து போய்க் கேட்டைத் திறந்து வெளியே நின்றாள். கையில் துணி மூடிய தட்டு.

"வெளிய வாங்க" என்றாள். பிசிலா உள்ளேயே நின்று லோசலினைப் பார்த்தாள்.

"ரெண்டு காலையும் வெளிய வெச்சுட்டுத் தின்னு" என்றாள் லோசலின்.

வேலிக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து தின்றார்கள். லூ இரண்டு, உங்கதேயா தானே சமைத்தது. அவள் நின்றபடியே, போதுமா, இன்னும் வேணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். லோசலின் என் பையைப் பார்த்தாள். டேப்பின் நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை உள்ளே தள்ளி மூடினேன்.