கயிற்றில் மூன்று முடிச்சு

பதுளை கிளினிக்கில் என் பக்கத்தில் இருந்தவர் பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மா. வேலையில் சேலை நனையாமல் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு கட்டும் கயிறு அவர் மடியில் இருந்தது. அதன் முடிச்சுகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வயித்துக் கொழுப்புல ஹோர்மோன் ஊறுமாம். அதைப் புடிக்கிற கொக்கி மாதிரி ஒண்ணு குடல்ல இருக்காம். ரொம்பப் புடிச்சா கேன்சர் வளருமாம், இடுப்பைக் கொறைக்கணும்னு டொக்டர் சொன்னாரு. இதுல விரக்கடைக்கு ஒரு முடிச்சு போட்டுத்தான் இடுப்பை அளக்குறேன். மூணு மாசத்துல மூணு முடிச்சு கொறைஞ்சிருச்சு. இனி பயமில்லைங்க."

அவர் கன்னம் ஒட்டியிருந்தது.

"சாப்பாட்டைக் கொறைச்சீங்களா?"

"இல்லைங்க. தானா கொறையுது."

நோய் உள்ளே இருந்தாலும் உடம்பு இப்படித்தான் இளைக்கும்.

அவரைக் கூப்பிட்டார்கள். டொக்டரிடம் காட்டக் கயிற்றை ஆசையாகச் சுருட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும் முகத்தைப் பார்க்கப் பயந்து, என் நம்பர் வருமுன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.