‘ம்’ கொட்டிய நான்கு வருடம்

எங்கள் வீட்டில் என் கையெழுத்தைவிட என் ‘ம்’முக்கு மதிப்பு அதிகம். நாவல் எழுதிய நான்கு வருடமும் நான் வேறு எதுவும் பேசவில்லை என்கிறாள் என் மனைவி. அபாண்டம். ‘காபி’ என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. நாளெல்லாம் பல்சக்கரங்களை அளந்து பார்த்துவிட்டுக் கொரட்டூர் வீட்டுக்கு வந்தால், முகம் கழுவிய கையோடு சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அதே மேஜைதான். மனைவியும் மகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள். பாவம்தான். அதற்கென்ன செய்வது, நாவல் தானாகவா எழுதிக்கொள்ளும்?

எழுதும்போது யார் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பேன். அது என் வாய் பார்க்கும் வேலை. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் இருவரும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் படுக்கையறைச் சுவரைப் பார்த்துக் குதித்தேன்.

“யாரைக் கேட்டு இந்தக் கிளிப்பச்சையை அடிச்சீங்க?”

“உங்களைத்தான். ‘ம்’னு சொன்னீங்களே” என்றாள் மனைவி.

பூனை வந்ததும் இப்படித்தான். இன்றைக்கும் அது என் நாற்காலியில்தான் தூங்குகிறது.

நாவல் ஓர் அப்பாவையும் மகளையும் பற்றியது. அந்த அப்பா தங்கமான மனிதர். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்குவதற்குள், முகத்தைப் பார்த்தே அன்றைக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். அவள் பேச ஆரம்பித்தால் பேப்பரை மடித்து வைத்துவிடுவார். அந்த இடங்களை எழுதும்போது எனக்கே கண் கலங்கும். அந்த நேரம் பார்த்து என் மகள் வந்து ஏதாவது சொல்வாள். ‘ம்’ என்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை, இஸ்திரிக்குக் கொடுத்த துணியை வாங்கக் கீழே போனேன். எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர், கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“இன்னா சார், பாப்பா கோயமுத்தூர் காலேஜுக்குப் போவுதாமே! ஆஸ்டலுக்குன்னு எட்டு செட்டு தேச்சிக் குட்த்துகீறேன். ஊடே வெறிச்சினு பூடும் சார்.”

தெரிந்தவன்போலச் சிரித்து வைத்தேன். படியேறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். “தெருவுக்கே தெரியுது, பெத்தவனுக்குத் தெரியலை! என்னதான் நடக்குது இந்த வீட்ல?”

மகள் ஹாலில் உட்கார்ந்து, புது சூட்கேஸைப் பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் கத்தவாவது செய்தாளா என்றால் அதுவும் இல்லை. “ரெண்டு வாட்டி கேட்டேன்ப்பா. இங்கயே சேரட்டுமான்னு கேட்டேன், ‘ம்’னு சொன்ன. கோயமுத்தூர் போகட்டுமான்னு கேட்டேன், அதுக்கும் ‘ம்’. சரி, அப்பாவுக்கு எதுவும் ஓகேதான்னு நினைச்சேன்.”

“ஃபார்ம்ல கையெழுத்தும் நீங்கதான் போட்டீங்க” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. “உங்க நோட்டு மேலயே வெச்சேன். போட்டுத் தள்ளிவிட்டுட்டு அடுத்த வரியை எழுதப் போயிட்டீங்க.”

நகலைக் கொண்டுவந்து காட்டினாள். என் கையெழுத்தேதான். பக்கத்தில் தேதியும் போட்டிருந்தேன். எழுதும் பக்கத்தின் ஓரத்திலும் அன்றைய தேதியைக் குறித்துவைப்பது என் வழக்கம் என்பதால், நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அன்றைக்கு எழுதியது, மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்ப மனமில்லாத அப்பா, அவளோடு ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே நடக்கும் இடம். எட்டுப் பக்கம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பூனையை நாற்காலியிலிருந்து விரட்டினேன்.

அவள் கிளம்பப் பத்து நாள் இருந்தது. நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டேன். “வாம்மா, ஏரிப் பக்கம் நடந்துட்டு வரலாம்” என்றேன்.

“இப்பவா? ஃப்ரெண்ட்ஸோட பூந்தமல்லி வரைக்கும் போறேன்ப்பா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். மறுநாள் வேறு வேலை. அதற்கு மறுநாளும். ஒரே ஒரு சாயங்காலம் வந்தாள். ஏரியைப் பார்த்தபடி நடந்தோம். என் மகளிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாவலில் பக்கம் பக்கமாகக் கேட்டவன், “மெஸ் எல்லாம் நல்லா இருக்குமா?” என்றேன். “இருக்கும்ப்பா” என்றாள். வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

அவள் போன பிறகு பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினேன். இறக்காமல் இருப்பேனா? கேள்வி கேட்க ஆள் இல்லாத வீட்டில் நாவல் சீக்கிரமே முடிந்தது, புத்தகமாகவும் வந்தது. படித்தவர்கள் எல்லோரும் அந்த அப்பாவைத்தான் பாராட்டினார்கள். மகளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

“முடிச்சிட்டேன்ப்பா. அந்த அப்பா சூப்பர்!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “நிஜமாவா?” என்றேன்.

“நிஜமா. பொண்ணு என்ன சொன்னாலும் உக்காந்து கேக்குறாருல்ல? அவர் நம்பர் இருந்தா குடேன், கொஞ்சம் பேசணும்.”

சொல்லிவிட்டு அவளே கடகடவென்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“என்கிட்ட சொல்லேன்ம்மா.”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். ரூம்மேட்டின் குறட்டை, உப்பே போடாத மெஸ் சாம்பார், முதல் மாதம் முழுக்கக் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதது. ‘ம்’ என் வாய்வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அப்பா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்ம்மா” என்றேன். “குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்னு சொன்ன. மேல சொல்லு.”