கொழும்புக்குப் போய்ச் சேராத கடைசி வரி

மருந்துக்கு ஆகிற நிலவாகை இலையைக் காயவைத்துக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. தூத்துக்குடியில் ஏறுகிற எங்கள் கண்டெய்னர் பெட்டி கொழும்பில் இறங்கி, அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் தூரதேசம் போகும். பெட்டி கிளம்பியதும் அதன் காகிதங்களைக் கொழும்பு ஏஜெண்ட் ஆபீசுக்கு மெயிலில் அனுப்புவது என் வேலை. கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தட்டித் தட்டிப் பார்த்துப் பழகியதுதான்.

முன்பு நாலு பேர் இருந்த அறையில் இப்போது நான் மட்டும். முதலாளி அண்ணாச்சி பெரும்பாலும் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில்தான் இருப்பார். டீக்கடை அண்ணன் ஒருநாள், "ஒத்த டீக்குத் தட்டு எதுக்குக்கா? கையிலயே புடிச்சிட்டு வாரேன்" என்றார். சிரித்துவிட்டேன். அவர் படியிறங்கிப் போன பிறகு அந்தப் பேச்சு அறையிலேயே கிடந்தது. ஆட்கள் போகிறபோக்கில் சொல்வதையெல்லாம் நான் விடமாட்டேன். மாப்பிள்ளையூரணியில் நான் தனியாக இருக்கிற வீடு வரை கொண்டுபோய், திரும்ப ஒருதரம் சொல்லிப் பார்ப்பேன். கேட்கத்தான் ஆள் கிடையாது.

கொழும்பில் காகிதங்களை வாங்குகிறவர் ஒரு பெண். நேரில் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. வயது தெரியாததால் இருவருமே ஒருவரையொருவர் அக்கா என்றுதான் எழுதுவோம். மெயில் முழுக்க இங்கிலீஷ். கடைசியில் மட்டும் தமிழில் ஒரு வரி. "இங்கே மழை, அங்கே?" என்று நான் கேட்பேன். "இஞ்ச வெயில் கொளுத்துது. உங்கட வீட்டில இண்டைக்கு என்ன மீன்?" என்று அவர் கேட்பார். சாளை என்று எழுதுவேன். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகவே காலையில் சீக்கிரம் ஆபீசைத் திறந்திருக்கிறேன்.

புது வருஷம் பிறந்து முதல் பெட்டி போனபோது, எங்கிருந்து தைரியம் வந்ததோ, "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் அக்கா?" என்று எழுதிவிட்டேன். பதிலுக்கு அவரும் என்னைக் கேட்பார் என்ற ஆசைதான்.

பதில் இல்லை. அடுத்த மெயிலுக்கும் இல்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். புருஷனை இழந்தவரோ, பிள்ளையை இழந்தவரோ? போன் போடலாம்தான். ஆனால் குரலில் கோபம் தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அதற்குப் பிறகு கடைசி வரி எழுதுவதையே நிறுத்திவிட்டேன். கப்பல் கம்பெனி மூலமும் தகவல் போகும் என்பதால் பெட்டி எதுவும் நிற்கவில்லை. மற்ற ஊர்க்காரர்களும் வழக்கம்போலப் பதில் போட்டார்கள்.

மாசிமாத வெயிலில் ஒருநாள் அண்ணாச்சி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"ஏம்மா, கொழும்புக்கு மெயிலு போடுதியா இல்லையா? அவுக மேனேஜர் எனக்குப் போன் போட்டு வையுதாரு. வருசம் பொறந்து ஒரு காயிதம் வரலயாம்லா!"

திட்டு வாங்கிக்கொண்டே நான் சிரித்தேன். வரவில்லை என்றால் கொழும்பு அக்கா கோபப்படவில்லை என்றுதானே அர்த்தம்!

"என்னம்மா இளிக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இன்னா பாத்துருதேன்."

என் சொந்த மெயிலுக்கு அனுப்பிப் பார்த்தேன், வந்தது. எங்களிடம் இலை வாங்குகிற ஜெர்மனிக்காரரும் வந்துவிட்டது என்றார். கொழும்புக்குப் போட்டது திரும்பி வந்ததாகவும் ஒரு தகவலும் இல்லை. மெயில் சேவைக்காரர்களுக்குப் போன் செய்தால், சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"மேடம், எங்க பக்கம் டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுது. புதுசா எதாவது மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலயே... ஒரு படம் மட்டும் சேத்தோம்."

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் சாயர்புரம். வருஷப்பிறப்பு ஆராதனையில் வேதக்கோயிலில் தருகிற, பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வருஷம் முழுக்கப் பையில் வைத்திருப்பார். இந்த வருஷ வசனம் மனசுக்குப் பிடித்துப்போய், அட்டையைப் போட்டோ எடுத்து, கம்பெனி மெயில் எல்லாவற்றுக்கும் அடியில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். ரோஜாப்பூ, புறா, சூரியோதயம் எல்லாம் இருக்கிற பெரிய படம். நானும் சேர்த்துவிட்டேன். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"எழுத்து கம்மி, படம் பெருசு. சில ஆபீஸ் மெயில் அதை விளம்பரம்னு நினைச்சு ஸ்பாம்ங்கிற குப்பைக் கூடைல தள்ளிடும். அங்க தேடிப் பாக்கச் சொல்லி ஒரு மெயில் போடுங்க மேடம்."

"அந்த மெயிலும் அங்கதானம்மா போயி விழும்?"

அவளும் சிரித்துவிட்டாள். "அப்ப படத்தை எடுத்துட்டு அனுப்புங்க."

அண்ணாச்சி ஒப்பவில்லை. "வசனத்த எடுக்கச் சொல்லுதியா? ஆண்டவரு வார்த்த குப்பையாம்மா அவனுக்கு?"

"வசனம் குப்பைன்னு யாரு சொன்னா? அத வாசிக்க ஆளில்லாத எடத்துல போயிக் கெடக்கு அண்ணாச்சி. நாமளும் கூடக் கெடக்கோம்."

அவர் பையிலிருந்து அட்டையை எடுத்து வசனத்தை ஒருதரம் வாசித்துக்கொண்டார். "சரி, கொழும்புக்கு மட்டும் எடுத்துரு. மத்தவனுக்குப் போவட்டும்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

படமில்லாமல், ஸ்பாமில் தேடிப் பார்க்கும்படி இங்கிலீஷில் நாலு வரி எழுதி அனுப்பினேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. அத்தனையும் தமிழ்.

"அக்கா, நீங்கள் வேலையை விட்டுட்டீங்கள் எண்டு நினைச்சேன். இப்பதான் ஸ்பாமைத் திறந்தேன். பழசெல்லாம் தானா அழிஞ்சு போச்சு, போன மாசத்து மெயில்கள் மட்டும் கிடக்கு. ஒண்டிலயும் உங்கட கடைசி வரியைக் காணேல்ல. என்னோட ஏதும் கோவமோ?"

வீட்டில் யார் யார் என்ற அந்தக் கேள்வியை அவர் பார்க்கவே இல்லை. அவரைப் புண்படுத்திவிட்டோம் என்று நான் குமைந்ததெல்லாம் எனக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. திரும்பக் கேட்கலாம். அடித்தேன், அழித்தேன். இன்னொரு தடவை அடித்தேன், அதையும் அழித்தேன்.

"கோபமெல்லாம் இல்லை அக்கா. இங்கே ஒரே காற்று" என்று அனுப்பினேன்.

"இஞ்சையும்தான்" என்று உடனே வந்தது. அதற்கு மேல் எழுதுவதற்கு அன்றைக்குப் பெட்டி எதுவும் கிளம்பவில்லை.