செல்லத்துரை மருந்தை நிறுத்தியது

ஆனைக்கரைக்குக் கீழே, ஓடையை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் செல்லத்துரைக்கு. வீடு தோட்டத்தின் நடுவில் இருந்தது. எந்தக் கதவைத் திறந்தாலும் செடி தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு அங்கே கட்டினார். மனைவி பூமாரிக்கு மூச்சு கெட்ட பிறகு, ஏன் இந்த இடத்தில் கட்டினோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

பூமாரி பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பூச்சிமருந்து கலக்கிக் கொடுப்பாள். இவர் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பார். டப்பாவைத் திறப்பதும் வாளியில் ஊற்றிக் குச்சியால் கிண்டுவதும் வெறுங்கையால்தான். இருமல் வந்தபோது மலைக்குளிர் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஒருநாள் சரிவில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்க வைத்த டாக்டர், இனிமேல் அந்த வாடையே படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

பூச்சிக்கு ஒன்று, அழுகலுக்கு ஒன்று என்று மாதம் தவறாமல் மருந்து அடிக்கிற தோட்டத்துக்குள் வாடை படாமல் எப்படி இருப்பது? அடிக்கும் நாள் நெருங்கினால் பூமாரி பையைக் கட்டிக்கொண்டு பீர்மேட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள், வாடை அடங்கியதும் வருவாள். வந்த கொஞ்ச நாளில் மறுபடி புறப்பட வேண்டியிருக்கும். தங்கை வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் அந்த ஒற்றை அறையில் அவளுக்காக ஒருவர் வெளியே படுப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. அடுத்த தடவை செல்லத்துரை டப்பா வாங்கி வந்து படியில் வைத்தபோது, பூமாரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சே, இன்னும் கெளம்பலையா?" என்றார்.

"நான் போகல."

"போகலைன்னா?"

"போகலைன்னா போகலதான். அடிக்கணும்னா அடிங்க. கதவச் சாத்திக்கிட்டு இங்கனயே கெடக்கேன். பைய எடுத்துக்கிட்டு ஊர் ஊராத் திரியிறதுக்கு இனி என்கிட்டத் தெம்பு இல்லைங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது பதில் பேசியிருப்பார். அவள் சோர்ந்துபோய்ச் சொன்னாள், பிறகு அரிசியை உலையில் போட எழுந்து போய்விட்டாள். செல்லத்துரை வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார். டப்பாவைக் கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்தபோது, கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வேளாண்மை ஆபீசான கிருஷி பவனில் அப்போது நிமி என்ற மலையாளப் பெண் இருந்தாள். தமிழில் பாதி, மலையாளத்தில் பாதியாகப் பேசுவாள். செல்லத்துரை விஷயத்தைச் சொன்னதும் அவள் ஒரு வெள்ளைத்தூள் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். சூடோமோனாஸ் என்றாள்.

"இது மருந்து இல்ல சேட்டா, ஜீவன் உள்ளது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. மண்ணுல வேரைச் சுத்தித் தாமசிக்கும், குடியிருக்கும். வேர் கசியுற சத்தைத் தின்னுட்டு அங்கயே பெருகும். அழுகல் கிருமி வந்தா அதுக்கு எடமும் கொடுக்காது, ஆகாரமும் கொடுக்காது. வேரும் நல்லா ஓடும்."

"பூச்சிக்கு?"

"பூச்சிக்கு இது போராது. அதுக்கு வேப்பெண்ணெய் அடிக்கணும், பூச்சி துளைச்ச தண்டு, அந்தத் தட்டையை வெட்டி எடுக்கணும். சிரமம்தான். காயும் கொறையும். நான் பொய் சொல்லல."

காய் குறையும் என்று அவள் மறைக்காமல் சொன்னதால்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

சாணியில் ஊறவைத்து, தண்ணீர் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒவ்வொரு தூருக்கும் அடியில் ஊற்ற வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும். சருகு மூடியிருக்க வேண்டும். பம்பில் அடித்தால் அரை நாளில் முடிகிற தோட்டம், குடத்தில் சுமந்து ஊற்றினால் நாள் நாளாக இழுத்தது. ஓடையிலிருந்து தண்ணீர் மேலேற வேண்டும். ஐம்பதைத் தாண்டிய முழங்கால் ஏற்றத்தில் பொறுத்துக்கொண்டது, இறக்கத்தில் அழுதது. மேல் தோட்டத்துக் காளிச்சாமி வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"என்ன மாப்ள, செடிக்குப் பால் வாக்குறியா?"

"ஆமா மாமா. பச்சப்புள்ள மாதிரில்ல இருக்கு."

காளிச்சாமி சிரிக்கவைக்கக் கேட்டதுதான். ஆனால் அன்றைக்குச் செல்லத்துரையால் சிரிக்க முடியவில்லை.

மழை பிடித்தது. ஆடியில் ஓயாமல் கொட்டியது. ஓடைப்பக்கத்துத் தூர்களில் தட்டை பழுத்து, தொட்டால் கையோடு வந்தது. பிய்ந்த இடத்தில் அழுகல் நாற்றம். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பயம் தாங்கவில்லை. பழைய வழக்கப்படி மயில்துத்தமான துருசும் சுண்ணாம்பும் கரைத்து, நீல நீலமாக, கீழே மேலே என்று பார்க்காமல் எல்லாத் தூருக்கும் ஊற்றிவிட்டார். துருசில் வாடை இல்லை, பூமாரிக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம்.

மழை இடைவெளியில் நிமி தோட்டம் பார்க்க வந்தாள். தூரடியில் நீலம் படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"எப்போ ஊத்தினீங்க?"

"போன வாரம்."

"சேட்டா, துருசு எந்தக் கிருமியையும் விடாது. அழுகலும் சாகும், நாம விட்டதும் சாகும். ரெண்டுக்கும் நடுவுல நாள் விடணும்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லாமப் போயிட்டேன்."

அவ்வளவு குடமும் வீண். செல்லத்துரை அவளுக்கு எதிரிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி தூறல் விழ, அவள் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

அன்று சாயங்காலம் பூமாரியிடம் சொன்னபோது, அவள் காப்பி டம்ளரை நீட்டியபடி, "செத்தது கண்ணுக்குத் தெரியிற ஜீவனா இருந்தா அழுதிருப்போம்" என்றாள். பிறகு, "தோட்டத்தக் குத்தகைக்கு விட்ருவோமா?" என்றும் கேட்டாள். அவருக்கும் அதே நினைப்புத்தான். ஆனால் குத்தகைக்கு எடுப்பவன் என்ன அடிப்பான் என்று இருவருக்கும் தெரியும். வீடு அதே நடுவில்தானே இருக்கும். பேச்சு அதோடு நின்றது.

மழை ஓய்ந்ததும் ஓடைப்பக்கத்துச் செடிகளைக் கைவிட்டார். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தூர்களைப் பிடுங்கி, குவித்து, எரித்தார். ஈரத்தட்டை எரியவில்லை, நாள் முழுக்கப் புகைந்தது. பூமாரியைக் காளிச்சாமி வீட்டுக்கு அனுப்பி வைத்தார். வடிகால் வெட்டினார். நாள் விட்டு, மேல் பாதிக்கு மட்டும் மறுபடி சாணி, மறுபடி வெள்ளைத்தூள், மறுபடி குடம். இந்தத் தடவை நம்பிக்கை எதுவும் இல்லை. வேறு வழி இல்லாததால் செய்தார்.

காளிச்சாமியிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. அவர் அடிக்கும் மருந்து காற்றில் இங்கே வரும். கேட்பதற்குக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் காளிச்சாமியே சொன்னார்: "உங்க பக்கத்து ரெண்டு வரிசைக்கு நான் அடிக்கல மாப்ள. மத்ததுக்கு அடிக்கையில முந்தின நாள் சொல்லி விடுறேன். பூமாரிப் புள்ள பொகைஞ்ச அன்னிக்கி இங்கன வந்து இருமுன இருமல நானும் கேட்டேன்ல."

அடுத்த மழையும் வந்தது. மேல் பாதியில் சில தூர்கள் விழுந்தன, முழுக்க விழவில்லை. விழாத ஒன்றின் அடியை விரலால் கிளறிப் பார்த்தார். வேர் வெள்ளையாக, கொத்தாக, சருகுக்குள்ளேயே ஓடியிருந்தது. பக்கத்தில் புதுத்தட்டை மூக்கு நீட்டியிருந்தது. துருசைக் கையில் எடுக்கத் தோன்றிய ஒவ்வொரு நாளும், வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

காய் வந்தது, பாதிதான். அதிலும் பூச்சி உரசிய சொறிக்காய் நிறைய. ஏலக்காய்க் கடையில் கையில் அள்ளிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். செல்லத்துரை பேரம் பேசவில்லை; கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஆனால் அந்த அறுவடைக்குப் பூமாரி தோட்டத்தில் இறங்கினாள். எத்தனையோ காலம் கழித்து, தலையில் துண்டு கட்டி, தாழ்ந்த காய்ச்சரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளினாள். நாலு தூருக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றாள்.

"போதும், வீட்டுக்குப் போ" என்றார் செல்லத்துரை.

"நீங்க போங்க. மொகத்தப் பாத்தா நீங்கதான் விழுந்துருவீக போலருக்கு."

அவர் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் சருகின்மேல் முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். வரும் மாதம் மழைக்கு முன் மறுபடி தூரடியில் ஊற்றியாக வேண்டும். அதை நினைத்ததும் முதுகு வலித்தது. பூமாரி அடுத்த சரத்துக்கு நகர்ந்தாள். அவர் கூடையை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.