அப்பா சொன்ன சைன்ஸ்

அந்த ஆண்டு வரை எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணக்கில் என்னை மிஞ்சியவர் எவருமில்லை. அடக்கம் கருதி இதை மறைக்கும் வயதை நான் கடந்துவிட்டேன். மாமன் மகனும் என் வகுப்பே. பின்னக் கணக்கு அவனுக்கு வந்தது நான் சொல்லிக் கொடுத்ததால்தான். பத்து காஜா டவுனில் இடைநிலைப் பள்ளிக்கு இருவரும் பேருந்தேறிய நாளில் தோட்டத்துப் பேச்சு என்னைப் பற்றியதாகவே இருந்தது.

அங்கே பொதுப் பாடங்கள் போக ஆளுக்கொரு செய்முறைப் பாடம் உண்டு. எது வேண்டும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. பையன்கள் பட்டறைக்குப் போனார்கள். மின்கம்பி இணைக்கவும் சிறிய எஞ்சினைக் கழற்றிப் பூட்டவும் கற்றார்கள். பெண்களுக்கு 'சைன்ஸ் ரூமா தங்கா'. மலாயில் அதற்கு மனையியல் என்று பொருள். சமைத்தோம், தைத்தோம்.

அப்பாவின் காதில் விழுந்தது முதற்சொல் மட்டுமே. அவர் தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்த்தவர். சோறு கொண்டுபோகும் சாக்கில் அதன் முன் நின்று, பெல்ட் ஏன் நழுவுகிறது, புகை ஏன் கறுக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார். அத்தகையவர் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, "எம்பொண்ணு சைன்ஸ் படிக்குதுலா" என்று சொல்லத் தொடங்கினார். "அப்ப இனிமே ஊசி போட டவுனுக்குப் போக வேணாம்ணே" என்றார் கடைக்காரர்.

பள்ளிக்கு வந்து, என்னைப் பட்டறைக்கு மாற்றச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவனவன் சைன்ஸ் கெடைக்காம அலையிறான். நீ அத வுட்டுட்டு ஸ்பானர் புடிக்கப் போறியா?"

அந்த சைன்ஸை ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் என்றேன்.

தீபாவளிச் சட்டையில் வந்தார். தலைமையாசிரியர் மரியாதையாக வரவேற்று, மனையியல் அறையைத் தாமே சுற்றிக் காட்டினார். அடுப்புகள், தையல் இயந்திரங்கள், ஏப்ரன் கட்டிய என் வகுப்புப் பெண்கள். தட்டில் ஒரு துண்டு கேக் வந்தது. அப்பா நின்றபடியே அதை மெதுவாகத் தின்றார். அடுத்த கட்டடத்தில் மாமன் மகன், தான் இணைத்த மின்மணியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சன்னல் வழியே அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வந்த காரியம் என்னவென்று தலைமையாசிரியர் கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றார் அப்பா.

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து, ஏன் கேட்கவில்லை என்றேன்.

"பொம்பளப் புள்ளைக்கு இதுவும் சைன்ஸ்தாம்மா. வுடு."

அன்று மாலையும் ஒட்டுக்கடையில் அதே பேச்சு. அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைத்து அழுதேன். கேக்கைத் தின்று முடிக்கும் முன்பே அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. எஞ்சினைப் பற்றி எனக்கு அத்தனையும் சொன்ன மனிதருக்கு, மகள் எந்த அறையில் இருக்க வேண்டும் என்பதில் ஐயமே இருக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்காமல் போனது.

பிறகு கல்லூரியில் வரலாறு படித்தேன். ஈப்போவில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். என் பணியில் எவரும் குறை சொன்னதில்லை. வீட்டில் ப்யூஸ் போனால் மட்டும் பக்கத்து ஜெலாப்பாங்கிலிருந்து ஆள் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். தங்கையின் பேத்தி இப்போது பள்ளி ரோபோட் குழுவில் இருக்கிறாள். கையெழுத்து அழகாம்; அறிவிப்பு அட்டை எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் கோபப்படவும் இப்போது தெம்பில்லை.

தோட்டத்து மக்களின் ஒன்றுகூடல்களில் மாமன் மகன் ஒலிபெருக்கியைப் பிடித்து, அந்தக் காலத்திலேயே சைன்ஸ் படித்த பெண் என்று என்னையும், மகளுக்காகப் பள்ளியோடு போராடிய தகப்பன் என்று அப்பாவையும் புகழ்கிறான். மக்கள் கைதட்டுகிறார்கள்.

நான் படித்தது சமையல். அப்பா யாரோடும் போராடவில்லை. தலைமையாசிரியருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.