குடும்பப்பெயர் கட்டாயம்

பல் கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை என்று சொன்னால், கலியாண வீடுகளில் ஆட்கள் உடனே வாயைத் திறந்து கடைவாயைக் காட்டுவார்கள். எனக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கொம்பனி இருக்கிறது. மொத்தம் ஏழு பேர். நோயாளிகளைப் பதிவதற்கும், "நாளை உங்களுக்கு அப்பொயின்ட்மென்ட், மறந்துவிடாதீர்கள்" என்று அவர்களுக்கு நினைவூட்டுவதற்கும் ஒரு மென்பொருள் செய்து விற்கிறோம். அதில் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் என்னுடையது: திரை, பெட்டிகள், பொத்தான்கள், வெளியே போகிற செய்திகள். தெரியாத பக்கம் அண்ணையுடையது. அதாவது சேர்வர். தகவலையெல்லாம் வைத்திருந்து, நான் கேட்டால் எடுத்துத் தருவது.

நான் அண்ணை என்று கூப்பிடுகிற அவர் மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பார். மற்ற நாட்களில் சேர்வரில் உள்ள பெயர்களை மாற்றுவார். 'நேரம்' என்று இருந்ததை 'தொடங்கும் நேரம்' ஆக்குவார். 'தொலைபேசி' என்று இருந்ததை 'தொலைபேசி எண்' ஆக்குவார். கேட்டால், "இப்ப வடிவாய் இருக்குதெல்லே?" என்பார். வடிவாகத்தான் இருக்கும். ஆனால் மாற்றியதை எனக்குச் சொல்லமாட்டார். நான் பழைய பெயரில் கேட்டுக்கொண்டிருப்பேன். சேர்வர் சண்டை பிடிக்காது, அமைதியாக வெறுமையை அனுப்பிவிடும்.

அப்படித்தான் ஒரு பெப்ரவரியில், ரெக்ஸ்டேலில் உள்ள ஒரு கிளினிக்கின் நோயாளிகள் எல்லோருக்கும், "உங்கள் அப்பொயின்ட்மென்ட் நாளை, நேரம்:" என்று ஒரு செய்தி போனது. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நேரம் போடாவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்துகொண்டேன். கிளினிக் திறக்கிற நேரத்துக்கு வருவார்கள். காலை ஒன்பது மணிக்கு, கொட்டுகிற பனியில், இருபத்தாறு பேர் வாசலில் நின்றார்கள். பின்னேரம் நான்கு மணிக்கு வரவேண்டியவர் முதலாவதாக நின்றார்.

எங்கள் முதலாளிக்கு முப்பது வயது. இங்கேயே பிறந்தவன். அவன் கோபப்பட்டால் தமிழில் தொடங்கி இங்கிலிஷில் முடிப்பான். அன்றைக்கு இங்கிலிஷிலேயே தொடங்கினான். கடைசியில் என் மேசைக்கு வந்து, "அக்கா, இது இனி நடக்கக் கூடாது. லைக், எவர்," என்றான்.

அந்த 'எவர்', அதாவது 'ஒருபோதும்', எனக்கு ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று நிரல் எழுதும் ஒரு முறையைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் கம்பைலர் மிகக் கறாரானது. கம்பைலர் என்பது நாம் எழுதுகிற நிரலைக் கணினிக்கு விளங்குகிற மாதிரி மாற்றித் தருவது. இந்த வகைக் கம்பைலர் ஒரு பெட்டிக்குள் எண் இருக்குமா, எழுத்து இருக்குமா, வெறுமையாகவும் இருக்கலாமா என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளும். சொன்னதற்கு மாறாக நடந்தால் மாற்றித் தரவே தராது. அதோடு இணைக்க ஒரு பிளகின், அதாவது ஒரு துணைக் கருவி, இருந்தது. சேர்வரில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, எது கட்டாயம், எது வெறுமையாக இருக்கலாம் என்ற பட்டியலை அது கையில் வைத்திருக்கும். நான் சேர்வரிடம் கேட்க எழுதுகிற ஒவ்வொரு கேள்வியையும், நிரல் ஓடுவதற்கு முன்பே அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லாத பெயரைக் கேட்டால் அந்த இடத்திலேயே சிவப்பாய் நிற்கும். பிழை என் மேசையைத் தாண்டி ரெக்ஸ்டேல் வரை போகாது.

எல்லாவற்றையும் இந்த முறையில் மாற்றி எழுத மூன்று மாதம் பிடித்தது. பிளகினைப் பொருத்திய முதல் வாரமே அண்ணை ஒரு பெயரை மாற்றினார். என் திரை சிவந்தது. நான் எழுந்து போய்ச் சொன்னேன். அவர் ஆர்மோனியத்தில் பிழையான கட்டையை அழுத்தியவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை, என்னை ஒளிச்சு நிண்டு பாக்கிறதோ?"

"உங்களை இல்லை அண்ணை. பட்டியலைத்தான் பாக்குது."

"பட்டியல் ஆற்றை? என்ரை. அப்ப என்னைத்தானே பாக்குது."

ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கச் சேர்வரில் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு எழுத்தைக் கூட்டுவார். ஒன்றைக் குறைப்பார். பன்மையை ஒருமையாக்குவார். பிளகினைச் சோதிக்கிறார் என்று விளங்கியது. ஒவ்வொரு முறையும் அது பிடித்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே தேநீரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"கெட்டிக்காரச் சாமான்தான். எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தவர். விடை சரியோ எண்டு பாக்கமாட்டார், ஓரத்திலை கோடு அடிச்சனியோ எண்டுதான் முதல் பாப்பார். உது அவர்தான்."

நான் சிரித்தேன். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கம்பைல் ஆனால் சரி, என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் என் கணவர் கடைக்குப் போகும்போதுகூட, வாங்கவேண்டியதைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பேன். அவர் காரில் ஏறிய பிறகுதான் பதில் சொல்வார்.

அந்த உற்சாகத்தில்தான் தமிழ்த் தொலைபேசி அழைப்பு என்ற புதிய வேலை வந்தது. வயதானவர்கள் குறுஞ்செய்தியைப் படிப்பதில்லை, அவர்களைத் தமிழில் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று மோர்னிங்சைட்டில் ஒரு கிளினிக் கேட்டது. கணினிக் குரல் ஒன்று, "வணக்கம், திரு. இன்னார் அவர்களே" என்று தொடங்கி நாளையும் நேரத்தையும் சொல்லும். மரியாதைக்குக் குடும்பப்பெயரைச் சொல்வது என்று முடிவு செய்தேன். எழுதினேன். முதல் தடவையிலேயே கம்பைல் ஆனது. ஒரு சிவப்புக்கூட இல்லை. கீழே இறங்கி, பக்கத்துப் பேக்கரியில் இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த திங்கள் காலை அந்தக் கிளினிக்கிலிருந்து வரவேற்பு மேசை அன்ரி போனில் கூப்பிட்டார். அறுபது வயது, பெரிய குரல். அன்றைக்கு அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு பெரிய குரலும் கேட்டது.

"பிள்ளை, இஞ்சை ஒரு அங்கிள் நிண்டு கத்துறார். தன்னை ஏன் புள்ளி எண்டு கூப்பிட்டனியள் எண்டு கேக்கிறார்."

"என்ன புள்ளி, அன்ரி?"

"வணக்கம், திரு. புள்ளி அவர்களே எண்டு சொல்லிச்சுதாம். மனிசன் தன்னை ஆரோ பகிடி பண்ணுறாங்கள் எண்டு ரெண்டு தரம் போனை வைச்சிட்டாராம். மூண்டாந்தரமும் புள்ளி எண்டுதாம்."

நான் போனை வைத்துவிட்டு, முதல் நாள் போன அழைப்புகளைத் திறந்து பார்த்தேன். அந்த அங்கிளின் குடும்பப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. குரல் அதை உண்மையாகவே வாசித்திருந்தது. அவர் தனியாக இல்லை. ஒருவரைத் 'திரு. அதே' என்று கூப்பிட்டிருந்தது. ஒருவரைத் 'திரு. இல்லை' என்று. ஒரு அம்மாவிடம் மிகப் பணிவாக, "வணக்கம், திருமதி பிறகு கேட்கவும் அவர்களே" என்று சொல்லியிருந்தது. பிளகினைப் பொறுத்தவரை எல்லாம் சரி. குடும்பப்பெயர் வெறுமையாக இல்லை, எழுத்தாக இருக்கிறது.

அண்ணையும் நானும் அவருடைய காரில் மோர்னிங்சைட்டுக்குப் போனோம். அன்ரி எங்களை வாயிலில் கண்டதும், "உதிலை இருங்கோ. நான் செய்யிறதைப் பாருங்கோ," என்றார். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல அவருக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தோம். வயதான புதிய நோயாளி ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். பெயரைச் சொன்னார். அன்ரி அடித்தார். குடும்பப்பெயர் என்ன என்று கேட்டார். அவர் அதே பெயரைத் திரும்பச் சொன்னார்.

"தேப்பன்ரை பேரோ?"

"அதில்லை தங்கச்சி. எனக்கு ஒரு பேர்தான். பாஸ்போட்டிலையும் ஒண்டுதான். பல்லு கொதிக்குது, கெதியாய் விடுங்கோ."

அன்ரி சேமிக்கிற பொத்தானை அமுக்கினார். நான் எழுதிய பெட்டி சிவப்பாகி, 'குடும்பப்பெயர் கட்டாயம்' என்றது. அன்ரி கதிரையைத் திருப்பி எங்களைப் பார்த்தார்.

"பாத்தியளோ? விடமாட்டன் எண்டு நிக்குது. அந்தாள் நோவிலை நிக்கிறார், பின்னாலை ஐஞ்சு பேர் நிக்கினம். நான் என்ன செய்ய? புள்ளியைப் போட்டால் விடுது. சில நேரம் பிறகு கேட்கவும் எண்டு எழுதி வைப்பன். உதைக் கட்டாயம் எண்டு வைச்ச புத்திசாலி ஆர்?"

நான் அண்ணையைப் பார்த்தேன். கட்டாயம், கட்டாயமில்லை என்பதெல்லாம் அவருடைய பட்டியல்தானே. அவர் ஒரு கணம் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"அது என்ரை பிழைதான் அக்கா. நான்தான் வைச்சனான். மாத்தி விடுறன்."

"அப்ப கெதியாய் மாத்தும் தம்பி," என்று சொல்லிவிட்டு அன்ரி அந்த மனிதருக்கும் ஒரு புள்ளியைப் போட்டு உள்ளே அனுப்பினார்.

காருக்குள் ஏறி பெல்ட்டைப் போடும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னர், குடும்பப்பெயர் வெறுமையாகவும் இருக்கலாம் என்றுதான் அண்ணையின் பட்டியல் சொன்னது. வெறுமையாக இருக்கலாம் என்றால் பிளகின் என்னை விடாது. பெயர் இருந்தால் என்ன செய்வாய், இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டுக்கும் பதில் எழுதச் சொல்லும். எனக்குப் பஞ்சி, அத்தனை இடத்திலும் எழுதச் சோம்பல். நான்தான் அண்ணையிடம் போய், "அதைக் கட்டாயம் ஆக்கிவிடுங்கோ" என்று கேட்டேன். "ஒற்றைப் பேர் ஆக்கள் இருப்பினமே பிள்ளை?" என்று அவர் கேட்டதும், "இந்த நாட்டிலை இருக்க ஏலாது அண்ணை, லைசென்ஸ் எடுக்கேக்கையே பேரை ரெண்டாக்கிப் போடுவாங்கள்" என்று நான் சொன்னதும், எல்லாம் வரிசையாக நினைவு வந்தது. என் குடும்பப்பெயரே அப்பாவின் பெயர்தான். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் இருபது வருடமாக அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்படியிருந்தும் அந்தச் சிவப்புப் பெட்டியை எழுதியது நான்.

"அண்ணை, அது நான் கேட்டதெல்லே?"

"ஓம்."

"பிறகேன் உங்கடை பிழை எண்டு சொன்னனீங்கள்?"

"அந்த மனுசி எங்கள் ரெண்டு பேரிலை ஒராளைத் தின்னத்தான் இருந்தது. நான் கொஞ்சம் பெரிய ஆள், தாங்குவன்." வண்டியைப் பின்னுக்கு எடுத்தபடி சொன்னார். "உனக்கு நினைவு வருதோ எண்டும் பாத்தன்."

எனக்கு முகம் சுட்டது. அலுவலகம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ ஒரு தேவகீதத்தை மெதுவாக முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். சந்தோஷமாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பின்னேரம் அவர் சேர்வரில் அந்த ஒரு 'கட்டாயத்தை' எடுத்தார். நான் கம்பைல் செய்தேன். நாற்பத்தொரு சிவப்பு. அண்ணை தன் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடித உறையில் குடும்பப்பெயர் இல்லாவிட்டால்? இருக்கிற பெயரை எழுது. அகர வரிசையில்? இருக்கிற பெயரில் அடுக்கு. தொலைபேசி அழைப்பில்? அந்த இடத்தில் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். எழுபது வயது மனிதரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட இருவருக்கும் வாய் வரவில்லை.

"அவையளையே கேப்பமே," என்றார் அண்ணை. "எப்பிடிக் கூப்பிட வேணும் எண்டு ஒரு பெட்டி வைப்பம். கட்டாயமாக்கவோ?"

"ஐயோ, வேண்டாம்!"

அவர் சிரித்த சிரிப்புக்கு முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

இரண்டு நாளில் முடித்து அனுப்பினோம். 'எப்படி அழைக்க வேண்டும்' என்ற பெட்டி அன்ரிக்கு நன்றாகப் பிடித்துப்போனது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போனது என்று அடுத்த வாரம் தெரிந்தது. அவர் நோயாளிகளைக் கேட்கவில்லை. தான் அவர்களை மனதுக்குள் எப்படி நினைத்துக்கொள்கிறாரோ அதையே எழுதியிருந்தார். 'ஸ்ரௌவ்வில் அங்கிள்' என்று, அந்த ஊரிலிருந்து வருகிற ஒருவர். 'டொக்டரின் மச்சாள்' என்று ஒருவர். 'பல்லுச் செற் அன்ரி' என்று ஒருவர். எல்லாம் எழுத்துகள்தான், எல்லாம் கம்பைல் ஆகும். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தேன். முற்றுப்புள்ளியாக இருந்தவர் இப்போது 'கத்தின அங்கிள்' ஆகியிருந்தார். அவருக்கு அழைப்பு அரை மணி நேரத்துக்கு முன்னரே போய்விட்டது.

அன்ரிக்குப் போன் எடுத்தேன். "அன்ரி, என்ன எழுதி வைச்சிருக்கிறியள்? அவரை, வணக்கம், கத்தின அங்கிள் அவர்களே எண்டு கூப்பிட்டிட்டுது."

 அன்ரியின் பெரிய குரல் முதல்தடவையாகச் சிறிதாகியது.

"உந்தப் பெட்டியையும் சத்தமாய் வாசிக்கும் எண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

மறுநாள் அந்த அங்கிள் நேரத்துக்கு வந்தாராம். அன்ரி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கத் தயாரானாராம். அவரோ, "என்னத்துக்குப் பிள்ளை? கத்தினனான்தானே, உண்மையைத்தானே சொல்லியிருக்கு. வொயிஸ்மெயிலிலை கிடந்ததை மனிசிக்கும் போட்டுக் காட்டினன். அவள் இன்னும் சிரிச்சு முடியேல்லை," என்றாராம். பிறகு உள்ளே போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அன்ரி பெட்டியைத் திறந்து, இந்த முறை ஒழுங்காகவே, உங்களை எப்படிக் கூப்பிட என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. கதைக்க முடியவில்லை. மேசையில் கிடந்த பேனையை எடுத்து, அப்பொயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஐயா' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாராம்.