அது அங்கிட்டு

எங்கள் முந்திரி ஷெட்டில் சந்தனமேரியைப் போல் முழுப் பருப்பு எடுக்கிறவள் கிடையாது. ஆலங்குடியில் பத்தொன்பது வருசமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிற அழகம்மாள் நான் சொல்கிறேன். பருப்பு உடைந்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அந்த ஆத்திரத்திலேயே அடுத்ததையும் நொறுக்குவேன். அவளோ உடைந்ததை இடதுபக்கக் கிண்ணத்தில் போட்டு, "அது அங்கிட்டு" என்பாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஓரம் பெயர்ந்த ஒரு பழைய போர்டில் கேரம் ஆடுவோம். பொங்கலுக்கு இளைஞர் மன்றம் போட்டி வைத்தபோது அவளும் பெயர் கொடுத்தாள். தலைவர் நாகராசு மைக்கிலேயே சிரித்தார்.

"சந்தனமேரி ஜெயிச்சா, ஞாயித்துக்கெழம பூரா மன்றத்துப் போர்டு ஷெட்டுப் பொம்பளைங்களுக்குத்தான்!"

இவளாவது ஜெயிப்பதாவது என்ற தைரியத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தப் போர்டு வேண்டும். எங்கள் எல்லோருக்கும் வேண்டும்.

ஐந்து பேரைத் தோற்கடித்து இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டாள். எதிரில் செல்போன் கடை வசந்தகுமார். கெட்டிக்காரன், வாய்தான் அடங்காது. "அக்கா, இது முந்திரிக்கொட்டை இல்ல, பாத்து அடிங்க" என்றான். நானாக இருந்தால் பவுடர் டப்பாவை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். அவள் பாட்டுக்கு ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்று, புள்ளி சமம். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு காயின் பாக்கி, நடுவில் ரெட். ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்த அடியிலேயே சொந்தக் காயினையும் போட வேண்டும். அதுதான் ஃபாலோ. தவறினால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். சந்தனமேரி ரெட்டை அழகாகப் போட்டாள். ஆனால் ஃபாலோ குழி வாயில் முட்டித் திரும்பியது.

"போச்சுடி!" என்று கத்தியேவிட்டேன். மன்றத்தில் ஒரே விசில். அவளோ ஸ்ட்ரைக்கரை வசந்தகுமார் பக்கம் தள்ளிவிட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது: "அது அங்கிட்டு."

வசந்தகுமாரும் ரெட்டைப் போட்டான். அவனுடைய ஃபாலோ சுலபமான அடிதான். ஆனால் விசிலடித்தவர்களுக்குக் கைகாட்டிக்கொண்டே தட்டினான், காயின் ஓரத்தில் இடித்து நின்றது. அவசரக்காரனை முந்திரிக்கொட்டை என்போமே, அன்றைக்கு அது யாரென்று ஊருக்கே தெரிந்தது.

மறுபடி அவள் முறை. ரெட் விழுந்தது. பவுடரை ஒருதரம் தடவி, மூச்சை விட்டு, பருப்புக்கு நோகாமல் முந்திரி ஓட்டைத் தட்டுவாளே, அதே தட்டு தட்டினாள். காயின் குழிக்குள் போய்விட்டது. அம்மாடி! நான் ஓவென்று அழுதுவிட்டேன், பெருமை தாங்கவில்லை.

அவள் எழுந்து வசந்தகுமாருக்குக் கை கொடுத்துவிட்டு நாகராசு முன்னால் போய் நின்றாள். அவர் தலையைச் சொறிந்தார். "அது... சும்மா வெளாட்டுக்குச் சொன்னது மேரி..."

மைக்கை அணைக்க மறந்திருந்தார், அவர் சொன்னது மன்றம் பூராவும் கேட்டது.

"அது அங்கிட்டு" என்றாள் சந்தனமேரி. "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வாரோம். பவுடர் வாங்கி வைங்க."